பழனி மலை ஓடைத் தண்ணீரும் மின்னிறக்க ஓசோன் கருவியும்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குச் செல்லும் வழியில் ஆறு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி ஒன்றை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். விடுதிக்குத் தண்ணீர் தருவது ஓர் ஓடை. அது மேலே சோலைக்குள் ஊறி, வாட்டில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இறங்கி, பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களின் ஓரமாக எங்கள் தொட்டிக்கு வருகிறது. கோடையில் தெளிவாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் பால் சேர்க்காத தேநீரின் நிறத்துக்கு வந்துவிடும். குடத்தில் ஓர் இரவு வைத்திருந்தால் நனைந்த சருகின் வாடை எழும். மலையில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால், விருந்தினர் குடிக்கும் தண்ணீரை நாங்களே தந்தாக வேண்டும். அதற்காக வாங்கியதுதான் மின்னிறக்கத்தின் மூலம், அதாவது ஓர் இடைவெளியின் வழியே மின்சாரத்தைப் பாய விட்டு, ஓசோன் உண்டாக்கி நீரைச் சுத்திகரிக்கும் கருவி. விற்ற நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரே அமைப்பிலான கருவி பல பெயர்களில் விற்கப்படுகிறது. நான் சொல்லும் நிறை, குறை பெரும்பாலும் அந்த அமைப்புக்கே உரியவை.

இதற்கு முன் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணல் வடிகட்டி கலங்கலை எடுத்தது, நிறத்தை எடுக்கவில்லை. படிகாரம் ஓரளவு எடுத்தது; ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அளவு மாறியது. எதிர்ச் சவ்வூடு பரவல் கருவி, அதாவது எல்லோரும் ஆர்ஓ என்று சொல்வது, இந்த மலைக்குத் தேவையற்றது; எங்கள் ஓடை நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது, இல்லாத உப்பை எடுப்பதற்காகக் குடத்துக்குக் குடம் நீரை வீணாக்குவதை என் மனம் ஏற்கவில்லை. பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சருகும் பட்டையும் மட்கி வெளிவிடும் டானின், ஹியூமிக் அமிலம் போன்ற கரிமப் பொருள்கள் நிறைந்த நீரில் குளோரினைப் போட்டால், குளோரோபார்ம் முதலான, உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. நெதர்லாந்து வேதியியலாளர் யோஹான்னஸ் ரூக் 1974ஆம் ஆண்டு இதை வெளியிட்ட பிறகுதான் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. தோல் பதனிடப் பட்டை தரும் என்று இந்த மலைகளில் நடப்பட்ட மரம் வாட்டில்; தோலைப் பதப்படுத்தும் அதே டானின்தான் எங்கள் ஓடையில் நிறமாக இறங்குகிறது. நிறம் மிகுந்த நாள்களில்தான் குளோரினும் மிகுதியாகத் தேவைப்பட்டது என்பதால், அந்த வழியை விட்டுவிட்டோம்.

கருவியின் விளக்கத்தாளில் தண்ணீருக்குள் மின்னல் பாய்வது போன்ற படம் அச்சிட்டிருந்தார்கள். வாங்குவோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். தண்ணீருக்குள்ளேயே அல்லது அதன் பரப்பின் மேலேயே மின்னிறக்கத்தை நிகழ்த்தும் முறை உண்மையாகவே இருக்கிறது. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் துடிப்புகளாகச் செலுத்தும்போது, நீர் மூலக்கூறே உடைந்து, ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் என்னும் நிலையற்ற துணுக்குகளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதாக் கதிரும் அந்த இடத்திலேயே உண்டாகின்றன. வேறு எதற்கும் மசியாத சில மாசுகளைக்கூட அவை சிதைக்கின்றன. அது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும் கழிவுநீர்ச் சோதனை நிலையங்களிலும் உள்ள தொழில்நுட்பம். எங்களுக்கு வந்த பெட்டியில் இருப்பது வேறு. அதில் மின்னிறக்கம் காற்றில் நடக்கிறது. இரண்டு மின்முனைகள், அவற்றுக்கு நடுவே மின்காப்பாக ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்கும் உலோகத்துக்கும் இடையே நூல் பருமன் இடைவெளி; அந்த இடைவெளியில் சில ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், இருட்டில் பார்க்கும்போது ஊதா நிறத்தில் மெல்லிய ஒளி படர்கிறது. அந்த ஒளிக்குள் புகும் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பிளந்து, தனித்த அணு ஒவ்வொன்றும் மற்றொரு ஆக்ஸிஜன் மூலக்கூறோடு ஒட்டி ஓசோனாகிறது. அந்த வாயுவை வென்சுரி என்னும் குறுகிய கழுத்துக் குழாய் தண்ணீருக்குள் உறிஞ்சிக் குமிழிகளாக்கிக் கலக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் வான் சீமன்ஸ் 1857இல் அமைத்த குழாயின் அடிப்படையே இன்றும் இதுதான். பிரான்சின் நீஸ் நகரம் 1906ஆம் ஆண்டு முதல் குடிநீரை இவ்வகையில் சுத்திகரித்திருக்கிறது. நூறாண்டு தாண்டிய உறுதியான முறையை விற்பதற்கு மின்னல் படம் எதற்கு என்பதே என் வருத்தம். படத்தைப் பார்த்து வாங்குபவர், காற்றைப் பற்றி எண்ணிப் பார்க்கவே மாட்டார். இந்தக் கருவியின் உயிர் காற்றில் இருக்கிறது.

செயல் விளக்கம் காட்ட வந்த விற்பனையாளர், ஒரு கண்ணாடிக் குவளையில் சாயத் துளி விட்டு, ஓசோன் குமிழிகளைச் செலுத்தினார். ஐந்து நிமிடத்தில் சாயம் வெளுத்துத் தண்ணீர் பளிங்கு போல் ஆனது. "பாருங்க அக்கா, விஷமெல்லாம் போயிடுச்சு" என்றார். பார்வைக்கு அது வியப்புதான். ஆனால் நிறம் போவது வேறு, பொருள் போவது வேறு. சாயத்துக்கும் டானினுக்கும் நிறத்தைக் கொடுப்பது மூலக்கூறுக்குள் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளும் வளையங்களும். ஓசோன் முதலில் பாய்ந்து உடைப்பது அவற்றைத்தான். உடைந்ததும் நிறம் மறைகிறது. துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கின்றன. கரிமப் பொருள் முழுவதும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற வேண்டுமானால், நிறம் போக்குவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஓசோனும் நேரமும் வேண்டும். வீட்டுக் கருவியோ விடுதிக் கருவியோ அதைச் செய்வதில்லை, செய்யவும் முடியாது.

மேல் வயல்களில் தெளிக்கும் மருந்துகளைப் பற்றி எனக்கு இருந்த கவலையும் இந்த இடத்தில்தான் கூடியது. குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதை ஓசோன் தாக்கும்போது அதிலுள்ள கந்தக அணுவின் இடத்தில் ஆக்ஸிஜன் அமர்ந்து, குளோர்பைரிபாஸ் ஆக்சான் என்னும் பொருள் உருவாகக்கூடும். நரம்பு மண்டலத்தைத் தாக்குவதில் அது மூலப் பொருளைவிடக் கொடியது. அட்ரசின் போன்ற சில களைக்கொல்லிகளோ ஓசோனுக்கு எளிதில் இணங்குவதே இல்லை. ஆகவே இந்தக் கருவி பூச்சிக்கொல்லியை "அழித்துவிடும்" என்று ஒரே சொல்லில் சொல்வது சரியன்று. ஓசோனோடு சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு உண்டாகும். அது ஓசோனைவிட வலிமையானது, கண்டதையெல்லாம் தாக்கும் இயல்புடையது. ஓசோனின் ஆக்ஸிஜனேற்ற ஆற்றல் 2.07 வோல்ட் என்றால் அதனுடையது 2.8 வோல்ட். பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இம்முறையைக் கையாள்கின்றன. ஒரு விடுதியின் மோட்டார் அறையில் பெராக்சைடு அளந்து ஊற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு விடை கருவிக்குப் பின்னால் வைக்கும் கரி. விற்பனையாளர் அதை "விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம்" என்ற வரிசையில் சேர்த்திருந்தார். என் கணிப்பில் அது இல்லாமல் இந்தக் கருவியை வாங்கவே கூடாது. ஓசோன் பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக்கும்போது, அவை நுண்ணுயிரிகளுக்கு எளிய உணவாகின்றன. அப்படியே தொட்டியில் தேக்கினால், ஓசோன் மறைந்த பின் குழாய்ச் சுவர்களில் வழுவழுப்பு படரும். முதல் இரண்டு மாதங்கள் எங்களுக்கு அதுதான் நடந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்க, தொட்டியின் உள்பக்கம் விரலுக்கு வழுக்கியது. பிறகு சிரட்டைக் கரி நிரப்பிய உருளை ஒன்றை நடுவில் பொருத்தினோம். கரியின் மேல் வாழும் நுண்ணுயிரிகள் அந்தத் துண்டுகளை அங்கேயே தின்றுவிடுகின்றன. உடையாமல் தப்பிய மருந்து மூலக்கூறுகளையும் உடைந்து உருமாறியவற்றில் பலவற்றையும் கரி பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஓசோனும் கரியில் பட்டதும் அழிகிறது. அதற்குப் பின் மூடிய எவர்சில்வர் தொட்டியில் ஒரு நாளுக்கான நீரை மட்டும் வைத்து, மறுநாள் காலையில் மீந்ததைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிறோம். குளோரினைப் போல ஓசோன் நீரில் தங்கிக் காவல் காக்காது என்பதால் இந்த ஒழுங்கு கட்டாயம்.

இனி, மேற்கண்ட எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன்: மஞ்சு. மாலை நான்கு மணிக்கே பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து சன்னலுக்குள் நுழையும் மூடுபனியைப் பார்ப்பதற்காகத்தான் விருந்தினர்கள் வருகிறார்கள். இந்தக் கருவிக்கு அதுவே பகை. மின்னிறக்கம் நடக்கும் இடைவெளிக்குள் ஈரக்காற்று புகுந்தால் முதலில் ஓசோன் உற்பத்தி சரிகிறது. அடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜன் மின்னிறக்கத்தில் ஆக்ஸைடாகி, ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, குழாயையும் மின்முனையையும் அரிக்கிறது. இதனால்தான் பெரிய ஆலைகளில் காற்றை, அதன் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, உறைநிலைக்கு வெகு கீழே −60 டிகிரி செல்சியஸ் ஆகும் அளவுக்கு உலர்த்தி அனுப்புகிறார்கள். எங்களுக்கு வந்த கருவியில், அறைக் காற்றை அப்படியே இழுக்கும் ஒரு சிறு பம்பும் பஞ்சு வடிகட்டியும் மட்டுமே இருந்தன. சமவெளியில், வெயில் காலத்தில் அது ஒப்பேறலாம். நவம்பர் மாதத்தில் இந்த மலையில் ஒப்பேறவில்லை. தண்ணீரில் நிறம் திரும்பியது. நிறுவனத்துக்குச் சொல்லி மூன்று வாரம் கழித்து வந்த சர்வீஸ் ஆள், குழாயைத் திறந்து, பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்த படிவத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். பத்து நாளில் மீண்டும் அதே நிலை.

வழி சொன்னவர் வத்தலக்குண்டிலிருந்து எங்களுக்கு மோட்டார் வேலைக்கு வரும் எலக்ட்ரீசியன். பெட்டியைத் திறந்து பார்த்தவுடன், "அக்கா, இது பனியைக் குடிச்சிட்டு ஓடுது. காத்தைக் காய வச்சுல்ல அனுப்பணும்?" என்றார். இரண்டு நீண்ட உருளைகளில் சிலிக்கா ஜெல் மணிகளை நிரப்பி, காற்று அவற்றின் வழியாகச் சென்ற பிறகே மின்குழாய்க்குள் புகுமாறு அவரே அமைத்துக் கொடுத்தார். ஈரம் ஏறியதும் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறும். ஒரு உருளை வேலை செய்யும்போது மற்றதன் மணிகளைத் தட்டில் பரப்பி அடுப்பில் 120 டிகிரி அளவில் காயவைத்தால் நீலம் திரும்பிவிடும். கோடையில் பத்து நாளுக்கு ஒரு முறை, மழைக் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை என்று அந்த வேலை எங்கள் நாளொழுங்கில் சேர்ந்துவிட்டது. அந்த நீல மணிகளுக்கு நிறம் தரும் கோபால்ட் உப்பு கைக்கு நல்லதன்று. உணவுக்குப் பயன்படும் அடுப்பையோ தட்டையோ இதற்கு எடுக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும், கோபால்ட் சேராத வகையும் கிடைக்கிறது. இப்போது நாங்கள் அதைத்தான் வாங்குகிறோம்.

காற்றுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் செறிவூட்டியை இணைத்தால் அதே மின்குழாயில் ஓசோன் பெருமளவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், சமவெளிக்கு எழுதிய திறன் அட்டையை இங்கே அப்படியே நம்பி வாங்கக் கூடாது. குளிரோ நமக்கு உதவி செய்கிறது. குளிர்ந்த நீரில் ஓசோன் கூடுதலாகக் கரையும், மெதுவாக அழியும். கொடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி மின்குழாயில் வெப்பமாகவே போவதாலும், வெப்பம் ஓசோனைச் சிதைப்பதாலும், சமவெளியில் தேவைப்படும் குளிர்விப்பு இங்கே மிகக் குறைவாகவே போதும். எங்கள் ஓடை நீர் மார்கழியில் 12 டிகிரிக்கு இறங்கும் நாள்களில்தான் கருவி மிக நன்றாக வேலை செய்கிறது. காற்று மட்டும் காய்ந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி விளக்கத்தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. அது போதவே போதாது. ஓசோன் மூச்சுக்குழலை அரிக்கும் வாயு. எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் பத்து இலட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பல நாடுகள் கொண்டுள்ள வரம்பு. இடி இடித்து ஓய்ந்த பின் வரும் கூர்மையான வாடை அதனுடையதுதான். 1840இல் அதற்குப் பெயரிட்ட வேதியியலாளர் ஷோன்பைன், மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயரை எடுத்தார். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதை அறிந்துவிடும் என்பது நன்மை. சிறிது நேரத்தில் மூக்கு பழகி மறந்துவிடும் என்பது ஆபத்து. நீரில் கரையாமல் மீளும் வாயுவைச் சமையலறையை ஒட்டிய மோட்டார் அறைக்குள்ளேயே திறந்துவிட்டிருந்தார்கள். ஒரு வாரம் எங்கள் சமையல்காரருக்கு இருமல் நிற்கவில்லை. காரணம் புரிந்த அன்றே கருவியை நிறுத்தினோம். இப்போது மீளும் வாயு ஒரு கரிக் குப்பி வழியாகச் சென்று கூரைக்கு மேல் வெளியேறுகிறது. காற்றைவிட ஓசோன் கனமானது என்பதால் அறையின் தரைமட்டத்தில் ஒரு காற்றுத் துளையும் வைத்திருக்கிறோம். இணைப்புகளில் போட்டிருந்த சாதாரண ரப்பர் வாஷர்கள் நான்கே மாதத்தில் வெடித்துப் பாளம் பாளமாகின. ஓசோனுக்கு ரப்பர் தாங்காது என்பது இத்துறையில் இருக்கும் எவரும் அறிந்த செய்தி. டெப்லான், சிலிக்கோன் வாஷர்களை முதலிலேயே போட்டுத் தரச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரச் செலவு பொருட்டே அன்று. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் அரை யூனிட்டுக்கும் குறைவு. ஆனால் மாலையில் மின்னழுத்தம் தாழும்போது மின்குழாயில் ஒளி விட்டு விட்டு வருவதால் ஸ்டெபிலைசர் வேண்டும். சித்திரை மாத இடிமழையில் உயர் மின்னழுத்த அட்டை ஒன்று எரிந்துபோய், மாற்றுவதற்கு 9,000 ரூபாய் செலவானது. வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம்.

இத்தனைக்குப் பிறகு தண்ணீர் எப்படி இருக்கிறது? சமவெளியில் உள்ள ஓர் ஆய்வகத்துக்கு மழைக் காலத்தில் இரு முறை மாதிரி அனுப்பினோம். ஓடையில் 35 ஹேசன் அலகாக இருந்த நிறம், கரியைத் தாண்டிய பிறகு 5க்குக் கீழே வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு அந்த 5தான். மலக்கிருமி இல்லை என்று இரு முறையும் வந்தது. கிருமி நீங்க, நீரில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் ஓசோன் நான்கு நிமிடம் நிலைத்திருக்க வேண்டும் என்பது பிரெஞ்சு நாட்டார் வகுத்த பழைய அளவுகோல். அவுரிச் சாயத்தின் இனமான ஒரு நீலப் பொருள் ஓசோனில் வெளுப்பதை வைத்து அளக்கும் சோதனைப் பெட்டியால் வாரம் ஒரு முறை அதை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டியைக் கருவியோடு சேர்த்தே தர வேண்டும், எங்களுக்குத் தரவில்லை. சருகு வாடை முற்றிலும் போய்விட்டது. மேல் வயலில் பூண்டு போடும் பெரியவர் ஒருவர், நான் மாமா என்று அழைப்பவர், ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு, "சின்ன வயசுல சோலை ஊத்துல குடிச்ச தண்ணி மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்கு ஆய்வக அறிக்கையைவிட அது பெரிதாகப் பட்டது.

ஆகவே, சோலை நீர், ஏரி நீர், நிறமும் வாடையும் உள்ள ஓடை நீர் என்று கரிமப் பொருளே தொல்லையாக இருக்கும் இடங்களுக்கு இதை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். ஐந்தில் நான்கு மதிப்பெண் கொடுப்பேன். எங்கள் விற்பனையாளரின் சேவைக்குத் தனியாக மதிப்பெண் கேட்டால் இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. உப்பு, நைட்ரேட், புளோரைடு, பாதரசம், ஈயம் போன்றவற்றுக்கு இக்கருவியால் எதுவும் செய்ய இயலாது, அவை உடைக்கத்தக்க கரிமப் பொருள்கள் அல்ல. கடலோரத்திலும் உவர் நிலத்திலும் ஆழ்குழாய் நீர் எடுப்பவர்கள் வாங்கும் முன் புரோமைடு அளவைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஓசோன் அதைப் புரோமேட் என்னும் தீங்கான பொருளாக மாற்றும். உலக நலவாழ்வு நிறுவனம் புரோமேட்டுக்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம். எங்கள் மலை ஓடைகளில் புரோமைடு மிகக் குறைவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

கருவிக்கு நாங்கள் கொடுத்தது 68,000 ரூபாய். உலர்த்தி, கரி உருளை, வாஷர்கள், வாயு வெளியேற்றும் குழாய் என்று பின்னால் சேர்த்தவற்றுக்கு 21,000 ரூபாய். மலையில் வாங்குபவர்கள் இரண்டாவது தொகையையும் முதல் நாளே விலைப்புள்ளியில் எழுதித் தரச் சொல்லுங்கள். உலர்த்தி இல்லாமல் பொருத்துகிறோம் என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.